மூன்றாம் மாடிக் கோட்டு

காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், இழப்பீட்டுப் பிரிவின் கடைசி இரும்பு அலமாரிக்குள் பெண்கள் அணியும் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று தொங்கியது. அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று பிரிவு மேலாளரிடம் இருந்தது. எந்த இழுப்பறையில் போட்டார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. மற்றதைக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்திருந்தவளை எல்லோரும் கோட்டக்கா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

குட்டையான, அகலமான பெண். முன்கவுன்டரில் வேலை. கடை எரிந்தவர்கள், வண்டி நொறுங்கியவர்கள், கணவனைப் பறிகொடுத்தவர்கள் கொண்டுவரும் காகிதங்களை வாங்கி, குறை சொல்லி, சரிபார்த்து, கொடுக்க வேண்டிய தொகையையும் எழுதி மேலாளரின் மேஜையில் கொண்டுபோய் வைப்பாள். அதற்கு மேல் அவளுக்கு அதில் வேலை இல்லை. கையெழுத்து மேலாளருடையது. அவர் வெளியூர் போனால் காகிதங்கள் காத்துக் கிடக்கும். "இன்னும் வரலையாம்மா?" என்று கவுன்டருக்கு வெளியே நிற்கும் பெண் கேட்பாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, "இன்னும் ரெண்டு நாள் பாருங்கம்மா" என்பாள் கோட்டக்கா. அந்த ஒரு வாக்கியத்தை அவள் வெறுத்தாள். ஒரு காகிதத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டு அப்போதே எடுத்து நீட்ட வேண்டும். அந்த அலுவலகத்திடம் அவள் எதிர்பார்த்தது இவ்வளவுதான்.

கோட்டு அங்கே வந்தது ஓர் அவமானத்தால். பல ஆண்டுகளுக்கு முன் அந்த மாடியிலிருந்து நெட்டை என்று பட்டப்பெயர் கொண்ட பெண், மேலாளர் பதவிக்கான நேர்முகத்துக்குப் போனாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வெளியே வந்தவளைக் குழுவில் இருந்த ஒருவர் தாழ்வாரத்தில் நிறுத்தி, நல்லெண்ணத்தோடுதான், "பதில் எல்லாம் பிரமாதம். ஆனா பார்க்க ஆபீசர் மாதிரி இல்லையேம்மா" என்றார். நெட்டை மூன்றாம் மாடிக்கு வந்து, பெண்கள் கழிவறையில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதாள். அந்த மாடியின் மற்ற நான்கு பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"ஆபீசர் மாதிரின்னா எப்படியாம்? மீசை வைக்கணுமா?" என்று கேட்டாள் கோட்டக்கா. அப்போது அவளுக்கு அந்தப் பெயர் வரவில்லை.

"கோட்டு போடணும்டீ. வந்திருந்த அத்தனை ஆம்பளைங்களும் கோட்டு போட்டிருந்தாங்க."

"அவங்களுக்கென்ன. கல்யாணத்துக்குத் தைச்சது வீட்ல சும்மா தொங்குது. கல்யாணத்துல அவங்களுக்குக் கோட்டு கிடைச்சுது, நமக்கு அவங்க கிடைச்சாங்க."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கோட்டு வாங்குவது என்று முடிவானது. கடையில் நிறத்துக்கே பாதி நாள் போயிற்று. கறுப்பு வேண்டாம், வக்கீல் என்று நினைப்பார்கள். கருநீலம் வேண்டாம், வாசலில் நிற்கிற காவல்காரருடைய சட்டை அதே நிறம். கடைசியில் சாம்பல். அளவு என்று வந்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். "இருக்கிறதுலயே பெரிசை எடுங்க. பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்க முடியாது" என்றாள் கோட்டக்கா. சொன்னவள் தலையிலேயே அந்த வேலை விழுந்தது.

தையல் அவள் யாரிடமும் கற்றதில்லை. மகளின் பள்ளிச் சீருடையை வருஷம் வருஷம் பிரித்துப் பிரித்துப் பழகியதுதான். கோட்டில் கத்தரியே படக்கூடாது என்பது அவள் வகுத்த முறை. யாருக்கு அழைப்பு வருகிறதோ அவளை நிற்கவைத்து, இரண்டு பக்கமும் அதிகத் துணியை உள்ளே மடித்து, கையால் நூலோட்டம் போடுவாள். கைநீளத்தையும் அப்படியே மடித்துத் தைப்பாள். ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்தால் மடிப்பு வெளியே தெரியாது. நேர்முகம் முடிந்ததும் நூலைப் பிரித்துவிட்டால் கோட்டு பழையபடி பெரிதாகிவிடும். அடுத்தவளுக்குத் தயார்.

வேறு சில விதிகளும் தாமாகவே உண்டாயின. கோட்டுப் பையில் எதையும் வைக்கக் கூடாது, தொங்கிப்போகும். காலரில் சென்ட் போடக் கூடாது. உலர்சலவைக்குக் கொடுத்துத்தான் திருப்பித் தர வேண்டும். பதவி கிடைத்து மேலே போகிறவள் கோட்டை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கோட்டோடு ஆலோசனையும் சேர்ந்துகொண்டது. முதலில் கோட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். பிறகு செருப்பு, தலைமுடி, கைப்பை. பிறகு முந்தைய நாள் என்ன சாப்பிடுவது, காலையில் எத்தனை மிடறு தண்ணீர், பிள்ளையை யாரிடம் விடுவது, புருஷனிடம் எப்போது சொல்வது. கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தியை நிற்கவைத்து, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள்.

"குதிகால் செருப்பு வேண்டாம். நீ வர்றதுக்கு முன்னாடி சத்தம் வரும், அப்புறம் நீ வர்றது சின்னதாத் தெரியும். கொண்டையை இறுக்காதே, தலைவலி வந்தா மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். போனை அணைச்சு வை. ஊமையாக்கினாப் போதாது, அணைச்சுடு. உன் பிள்ளைக்கு அன்னிக்குத்தான் வயித்து வலி வரும்."

"குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேப்பாங்களாம்க்கா."

"கண்டிப்பா கேப்பாங்க. ஆம்பளைங்ககிட்ட ஒருத்தனும் கேக்க மாட்டான், உன்கிட்ட கேப்பான். சிரிச்சுக்கிட்டே 'பழகிடுச்சு சார்'னு சொல்லு. மாமியார்னு வாயைத் திறந்துடாதே. திறந்தா அரைமணி நேரம் மூட மாட்டே."

"கோட்டு புழுக்கமா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். உள்ளே போனதும் கழட்டவே கூடாது. யார் சொன்னாலும். 'வசதியா இருங்கம்மா'ன்னு சொல்வாங்க, கேக்காதே."

கழட்டக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. கோட்டுக்குள் போடும் சட்டைக்குக் காலர், கையோரம், முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டால் போதும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். "காலையில வீட்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சமைச்சு, பிள்ளையோட ஒத்தை ஷூவைத் தேடி எடுத்துக் கொடுத்துட்டு, எவ முழுச் சட்டைக்கும் இஸ்திரி போடுவா? தெரியறதுக்குப் போடு. மீதியைக் கோட்டு பார்த்துக்கும்." அவளுடைய ஆலோசனைகளிலேயே மாடி மாடியாகப் பரவியது இதுதான். முதுகுப்பக்கம் கசங்கிய சட்டையோடு அந்தக் கட்டிடத்தில் பல பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதவி வாங்கினார்கள்.

முதலில் போனவள் நெட்டை. இரண்டாம் முறை கோட்டோடு போனாள், கிடைத்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மேலே போன புதிதில் மத்தியானம் டிபன் பாக்ஸோடு இறங்கி வருவார்கள். கொஞ்ச நாளில் வேலை அதிகம் என்பார்கள். அதற்கப்புறம் லிஃப்டில் பார்ப்பதோடு சரி. கோட்டக்காவுக்கு வலித்தது அவர்கள் வராமல் போனது அல்ல. "வாடீ, போடீ" என்று தோளில் கைபோட்டவள் லிஃப்டில், "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாளே, அந்த மரியாதைதான்.

அவளும் ஒரு முறை நேர்முகத்துக்குப் போயிருந்தாள். மகளுக்குக் காய்ச்சல், தூக்கமில்லை. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அதற்குப் பின் ஒவ்வொரு தடவை விண்ணப்பம் கேட்கும்போதும் அந்த மாடியில் யாருக்காவது அவளைவிட அவசரமான காரணம் இருந்தது. ஒருத்தியின் புருஷனுக்கு வேலை போயிருந்தது. இன்னொருத்தி ஊர் மாற்றலுக்குப் பயந்துகொண்டிருந்தாள். ஊசியும் நூலுமாக நின்றவள், "நமக்கென்ன, அடுத்த தடவை" என்று இருந்துவிட்டாள். இப்போது அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு அந்த வருஷத்தோடு ஐம்பது முடிகிறது.

அவள் விண்ணப்பித்தாள். அவர்களுடைய பிரிவு மேலாளர் ஓய்வு பெறுகிறார். நேர்முகம் அந்த ஒரே பதவிக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் மின்வேலை பார்க்கும் அவள் கணவர் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் மாட்டிவிட்டே. இப்பவாவது நீ போட்டுக்கோ" என்றார்.

"அப்ப எனக்குக் கிடைக்கும்கிறீங்களா?"

"கோட்டு கிடைக்கும்."

"வாயைப் பாரு" என்றாள். ஆனால் அன்று அவளுக்குக் கோபம் வரவில்லை.

அழைப்பு வந்த அன்று புதுசு கவுன்டருக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மாடிக்குக் கடைசியாக வந்தவள் என்பதால் புதுசு. வந்து பல வருஷமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, முன்தலையில் நரையும் எட்டிப்பார்த்த பின்னும் பெயர் மாறவில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பாள். அலுவலகத்தில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் முறையை அந்த மாடியில் முதலில் கற்றவள்.

"அக்கா, எனக்கும் வந்திருக்கு."

"தெரியும். சந்தோஷம்டீ."

"ஒரே நாள். எனக்குக் காலையில. உங்களுக்கு மத்தியானம்."

"ம்."

"நான் வேணா கோட்டு இல்லாமலே போறேன்க்கா. நீங்க போட்டுக்கங்க" என்றாள் புதுசு.

"நெட்டைக்குச் சொன்ன மாதிரி உனக்கும் சொல்லணுமா? பேசாம இரு. காலையில நீ போடு. வெளியே வந்ததும் அங்கேயே லேடீஸ் ரூமுக்கு வா. நூலைப் பிரிச்சுவிட எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பாட்டு நேரம் முழுக்க இருக்கு."

"இருந்தாலும்..."

"அழைப்பு வந்தவளுக்குக் கோட்டு. அது எனக்கு மட்டும் வேற மாதிரியா?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் அவள் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தாள். பெண்கள் கோட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் குட்டையாக, இடுப்பைப் பிடிக்கிற மாதிரி. கடைப்பெண் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "உங்க அளவுக்கு லேடீஸ்ல வராதும்மா. மேல் மாடியில ஜென்ட்ஸ்ல பாருங்க" என்றாள். தையல்காரர், ஒரு வாரத்துக்குள் கோட்டு தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

நேர்முகத்துக்கு முந்தைய மத்தியானம் அதே கழிவறைக் கண்ணாடியின் முன் புதுசை நிறுத்தி இரண்டு பக்கமும் மடித்தாள். எப்போதும் சொல்வதை எப்போதும்போல் சொன்னாள். "வெளியே வந்துட்டோம்னு தளர்ந்துடாதே. தாழ்வாரத்துலயும் பார்ப்பாங்க. கூப்பிட்டாக் கூடவே போ. பாத்ரூம் போறேன், போன் பேசிட்டு வரேன்னு விலகாதே. விலகினவளை மறந்துடுவாங்க." வாயில் ஊசி இருந்தது. சொல்வதை அவள் காதே கேட்கவில்லை.

மறுநாள், வேறு கட்டிடத்தில் இருந்த தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடி. காத்திருக்கும் அறையில் ஆண்கள் எல்லோரும் கோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டக்கா தன் வெளிர்மஞ்சள் சட்டையின் மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓரமாக இருந்தாள். காலர், கையோரம், முன்பக்கம். அந்தக் காலையில் அவளுக்கும் நேரம் இருக்கவில்லை.

புதுசு உள்ளே போனாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அது நல்ல அறிகுறி என்று கோட்டக்காவுக்குத் தெரியும். புதுசுக்காக அவள் உண்மையாகவே மகிழ்ந்தாள். எழுந்து போய்ப் பெண்கள் கழிவறையில் கைப்பையைத் திறந்து சின்னக் கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டு, கதவைச் சற்றுத் திறந்தபடி நின்றாள்.

தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. டைரக்டர் வந்தார். அவரோடு இரண்டு அதிகாரிகள். நடுவில் புதுசு. கம்ப்யூட்டர் முறையில் கவுன்டர் வேலையைக் குறைக்க அவள் சொன்ன வழி டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. ஐந்தாம் மாடியில் போட்டுக் காட்டச் சொல்லி அப்போதே அழைத்துப் போகிறார். "அங்கேயே சாப்பிட்டுக்கலாம்மா, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கழிவறைக் கதவருகே வந்தபோது புதுசு கோட்டக்காவைப் பார்த்தாள். அவள் கை கோட்டின் மேல் பொத்தானுக்குப் போயிற்று. டைரக்டர் ஏதோ கேட்டார். கை இறங்கிவிட்டது. "ஆமா சார், அதையும் அதுலயே பண்ணலாம்" என்று சொல்லிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள்.

"கோட்டு!" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், இருவரும் ஒரே கோட்டில் வந்தவர்கள் என்று தாழ்வாரம் முழுக்கத் தெரியும். புதுசின் பதவியும் போகும், அவளுடையதும் போகும். அவள் கூப்பிடவில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் மாடிக்குப் படியில் இறங்கினாள். அந்த மாடிக்கான அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். ஏறி வந்தாள். மறுபடியும் போன் செய்தாள். காத்திருந்த ஆண்களின் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மத்தியானம் பெயர் கூப்பிட்டார்கள். டைரக்டர் திரும்பி வந்திருந்தார். புதுசு அவருடன் வரவில்லை. துப்பட்டாவோடு போவதா, இல்லாமல் போவதா என்று ஒரு கணம் நின்றாள். துப்பட்டா பூப்போட்டது, சந்தைக்குப் போகிற மாதிரி இருந்தது. எடுத்துப் பையில் திணித்துவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டைரக்டர். இடப்பக்கம் அவளுக்குத் தெரியாத ஒருவர். வலப்பக்கம் நெட்டை. இப்போது அவள் உதவிப் பொது மேலாளர். சொந்தக் கோட்டு போட்டிருந்தாள், நல்ல துணி.

"வாங்க, உட்காருங்க" என்றாள் நெட்டை. பார்வை ஒரு முறை கோட்டக்காவின் தோளில் தொடங்கி மணிக்கட்டுவரை போய், மணிக்கட்டில் மட்டும் மொடமொடவென்று நின்ற கையோரத்தில் தங்கியது. நெட்டைக்குப் புரிந்துவிட்டது. கோட்டுக்குள் அதே மாதிரிச் சட்டை போட்டு அதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தவள்தானே.

கேள்விகள் எளிதாகத்தான் இருந்தன. விண்ணப்பம் வந்து பணம் கையில் கிடைக்கிறவரை எங்கே எவ்வளவு நாள் தேங்குகிறது என்று டைரக்டர் கேட்டார். அதைக் கோட்டக்காவைவிடத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் யாரும் இல்லை. சொன்னாள். சின்னத் தொகைகளைக் கவுன்டரிலேயே கையெழுத்திட்டு முடிக்கலாம், பெரியதை மட்டும் மேலே அனுப்பலாம், எதை எப்படிப் பிரிப்பது என்றும் சொன்னாள். டைரக்டர் முன்னால் சாய்ந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது.

"நல்லா இருக்கே. அந்த போர்டுல கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்களேன். எங்கிருந்து எங்க போகுதுன்னு."

வெள்ளைப் பலகை அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. எழுந்து திரும்ப வேண்டும். கையைத் தூக்க வேண்டும். முதுகு முழுக்க அவர்கள் பக்கம் இருக்கும். அந்த முதுகு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாளியிலிருந்து பிழிந்து உதறிக் காயப்போட்டு, கொடியிலிருந்து எடுத்தபடியே இருந்தது.

"வாயாலேயே சொல்றேன் சார்" என்றாள்.

"வரைஞ்சா எங்களுக்குப் புரியும்."

"இல்ல சார், இப்படியே சொல்லிடறேன்." குரல் தேவைக்கு மேல் பணிவாக வந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு படியை விட்டுவிட்டாள், திரும்பப் போனாள், குழம்பியது. டைரக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். காலையில் ஒருத்தி எழுந்து நின்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியது அவர் கண்ணில் இருந்தது.

நெட்டை அப்போதுதான் வாயைத் திறந்தாள். உதவி செய்கிற குரல். "அவங்க கவுன்டர்லயே இருந்துட்டாங்க சார். போர்டுல எல்லாம் எழுதிப் பழக்கம் இருக்காது. ஆனா உழைப்பாளி. கவுன்டர்ல இவங்க இல்லன்னா அந்த மாடியே ஓடாது."

டைரக்டர் தலையை ஆட்டினார். "அப்படிப்பட்டவங்க கவுன்டர்லதான் வேணும்" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

முடிவு அந்த வாரமே வந்தது. புதுசு மேலாளர். மூன்றாம் மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள், கோட்டக்காவும் தட்டினாள். கூட்டம் கலைந்த பிறகு புதுசு உலர்சலவைப் பையில் போட்ட கோட்டைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான் கழட்டிக் கொடுக்கத்தான் பார்த்தேன். டைரக்டரே கூட வந்துட்டார். அவங்க முன்னாடி கழட்டவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"போனை அணைச்சு வைக்கவும் சொன்னீங்க."

"சொன்னேன்."

"கூப்பிட்டாக் கூடவே போ, விலகாதேன்னு..."

"எல்லாம் நான் சொன்னதுதான். ஒண்ணு விடாம நல்லாக் கேட்டிருக்கே."

"திட்டிடுங்கக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"திட்டுற மாதிரி நீ என்ன பண்ணிட்டே? போ, மேலாளர் கவுன்டர்ல நின்னு அழுதா நல்லா இருக்காது."

புதுசு போன பிறகு பையைத் திறந்து பார்த்தாள். பக்கத் தையல்கள் போட்டபடியே இருந்தன. சலவைக்காரர் அந்த மடிப்புகளையும் சேர்த்து நன்றாகத் தேய்த்து நிரந்தரமாக்கிவிட்டிருந்தார். கோட்டு புதுசுக்காகவே தைத்தது போல் இருந்தது.

கோட்டை அலமாரியில் மாட்டவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு, அதைக் கட்டிலில் விரித்து எல்லா நூலையும் பிரித்தாள். உள்துணி முழுக்க ஊசித் துளைகள். போட்டுப் பார்த்தாள். தோளுக்குச் சரியாக இருந்தது, கைகள் மட்டும் விரல்வரை வந்தன, நீளம் முழங்காலை நோக்கி இறங்கியது. கழட்டி மறுபடியும் விரித்து, பெரிய கத்தரியை எடுத்து, கைகளைத் தன் மணிக்கட்டு அளவுக்கு வெட்டினாள். கீழே ஒரு சாண் வெட்டினாள். பக்கங்களில் தனக்கு வேண்டாத துணியையும் வெட்டி, இயந்திரத்தில் இரட்டைத் தையலாகப் போட்டாள்.

சத்தம் கேட்டு வந்த கணவர் தரையில் கிடந்த சாம்பல் துண்டுகளைப் பார்த்தார். "இனிமே அடுத்தவளுக்கு எப்படிப் பத்தும்?"

"பத்தாது."

அவர் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்கேற்ற ஒரு சாதாரணச் சட்டை உள்ளே. கவுன்டர் பக்கம் குளிர்சாதனம் வராது. நெற்றியில் வியர்வை வழிந்தது. கழட்டவில்லை. அடுத்த நாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும்.

கோட்டு வாங்கிய ஐந்து பேரில் அந்த மாடியில் மிச்சமிருந்தவள் தட்டச்சுக்காரி ஒருத்திதான். அவள் நேராக வந்தாள். "என்னடீ இது, கையை எல்லாம் வெட்டி வெச்சிருக்கே? அதுல என் பங்கும் இருக்கு."

"இருக்கு. வெட்டின துணி வீட்ல இருக்கு, உன் பங்குக்குக் கொண்டுவந்து தரவா?"

"ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நாளைக்கு யாருக்காவது அழைப்பு வந்தா?"

"அவங்க அவங்க புருஷனோட கல்யாணக் கோட்டைப் போட்டுக்கட்டும்."

தட்டச்சுக்காரி அதற்குப் பிறகு அவளோடு சாப்பிட உட்காரவில்லை. மற்றவர்களும் மெல்ல மேஜை மாறினார்கள். பதவிக்குத் தோற்றதால் மூளை கலங்கிவிட்டது என்று நாலாவது மாடி வரை பேச்சு. கீழ்மாடியிலிருந்து ஒருத்தி, அடுத்த மாதம் தனக்கு நேர்முகம், தலைமுடியை எப்படிக் கட்டுவது என்று கேட்டு வந்தாள். "எனக்குத் தெரியாதும்மா. நான் கவுன்டர்ல இருக்கிறவ" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வந்தவளின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், திரும்பக் கூப்பிடவில்லை.

வெளியாட்களுக்கு இதெல்லாம் தெரியாது. கவுன்டருக்கு வருகிறவர்கள் கோட்டைப் பார்த்தார்கள். குரலைத் தணித்தார்கள். "மேடம், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார்கள். "நான் போடக் கூடாது. அந்த ரூம்ல இருக்கிறவங்க போடணும்" என்று அவள் கையைக் காட்டுவாள். நம்பாமல் போவார்கள்.

ஒருநாள் புதுசு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள். கதவு திறந்திருந்தால் வெறும் "நீங்க", சாத்தியிருந்தால் "அக்கா" என்று ஆகியிருந்தது.

"அக்கா, உட்காருங்க. ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லு."

"வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் மேலாளர்னு நினைக்கிறாங்க. நேத்து ஒருத்தர் என்கிட்ட வந்து, 'வெளியே இருக்கிற மேடம் பார்த்துட்டாங்க, நீங்க போய் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க'ங்கிறார். என்னைப் பார்த்து!"

கோட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. புதுசும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"டைரக்டர் அடுத்த வாரம் வர்றார். அதுக்குத்தான் சொல்றேன். கோட்டைக் கொஞ்ச நாள் போடாம இருங்களேன்க்கா. வெயில் வேற."

"உத்தரவா?"

"ஐயோ, என்னக்கா, உங்களுக்குப் போய் நான் உத்தரவு போடுவேனா?"

"உத்தரவுன்னா எழுதிக் கொடு. கவுன்டர்ல இருக்கிறவ கோட்டு போடக் கூடாதுன்னு எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டுக் கொடு. கழட்டிடறேன்."

புதுசு பேனாவை எடுக்கவில்லை. மேஜையில் அன்று காலையில் கோட்டக்கா கொண்டுவந்து வைத்த காகிதங்கள் கட்டோடு இருந்தன. அவற்றின் விளிம்பைச் சரிசெய்துகொண்டே, "எத்தனை நாளைக்குக்கா இப்படி?" என்று கேட்டாள்.

"நான் இங்க இருக்கிறவரைக்கும்."

"எல்லாருக்கும் பொதுவானதுதானேக்கா அது?"

"ஆமா. எல்லாரும் போட்டாச்சு."

எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கவுன்டருக்கு எதிரே பெஞ்சில் ஒரு வயதானவர் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு காத்திருந்தார். மேலாளர் அறையிலிருந்து கோட்டு போட்ட பெண் வருவதைப் பார்த்ததும் தடுமாறி எழுந்து நின்று இரண்டு கைகளையும் குவித்தார். கோட்டக்கா அவரைத் திருத்தவில்லை. தலையசைத்து அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "கொடுங்க" என்று கையை நீட்டினாள்.